டோரன் லைன் விட்டுப்போன ஒருவர்

பார்சலோனாத் துறைமுகம்
03.02.2024

அன்பு ராத்தா ஷஃபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி இனாஸ் சுகமாக இருக்கிறேன். நீங்களும் உம்மாவும் உங்கள் மகள் இல்மாவும் சுகம்தானே? உம்மாவின் முழங்கால் எப்படி?

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். உலகமே போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில், நாற்பத்தொரு வயதுக்காரன் நான் பேனாவும் கடதாசியும் வாங்கக் கடை தேடி அலைந்தேன். என் நம்பரைத் தடுத்துவிட்டு, "இனி எழுதச் சொல்லு" என்று என்னோடு வேலை செய்கிற றொபியிடம் சொல்லியனுப்பினால் வேறு என்ன செய்வது? அவன் லீவில் சிலாபத்துக்கு வரும்போது இதைக் கொண்டுவந்து தருவான். பதிலைக் கொழும்பில் கப்பல் ஏஜென்டிடம் சேர்ப்பித்தால் எனக்கு வரும்.

விஷயம் இதுதான். எங்கள் உல்லாசக் கப்பல் கம்பனி டோரன் லைனுக்கு வருகிற நவம்பரில் ஐம்பது வயது. கம்பனி வரலாற்றைப் பெரிய புத்தகமாகப் போடுகிறார்கள். பதவி உயர்வுக்கு நிற்பவர்கள் அதைப் பாடமாக்கிப் பரீட்சையும் எழுத வேண்டும். நானும் கப்பல் லோண்டரியில், துவைக்கப் போட்ட துவாய் மலைக்கு நடுவே நின்று பாடமாக்குகிறேன். 1974இல் கப்டன் டோரன் ஆடு ஏற்றிய பழைய கப்பல் ஒன்றை வாங்கி, கழுவி, எண்பத்துநாலு அறை கட்டினார். முதல் பயணத்தில் பதினொரு பயணிகள்தான். 1977இல் ஒரு தீவில் இறங்கிய கிழவனும் கிழவியும் திரும்பவில்லை என்று கப்பல் மூன்று மணித்தியாலம் காத்து நின்றது. பத்திரிகைகள் அதை எழுதின. சனம் முண்டியடித்தது. அடுத்த வருடமே இரண்டாவது கப்பல் வந்தது. இன்றைக்குப் பதினொரு கப்பல், நான் இருக்கிற இதில் மட்டும் நாலாயிரம் பயணிகள். புத்தகத்தின் பெயர் "ஒருவரையும் விட்டுப்போகாத ஐம்பது வருடம்".

அந்த இரண்டு பேரும் வரவில்லை என்று கண்டுபிடித்தது யார் ராத்தா? எங்கள் வாப்பா! பலகையில் ஆணி அடித்து, ஆணிக்கொரு நம்பர் போட்ட பித்தளை வில்லை தொங்கவிட்டு, கரைக்கு இறங்குகிறவர் கையில் ஒன்றைக் கொடுத்து, ஏறும்போது திரும்ப வாங்கி மாட்டியவர் அவர். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கரையில். பலகை நிறையாமல் படியைத் தூக்கக் கூடாது. உச்சமுனைத் தீவுக்கு ஆள் ஏற்றிய படகில் பெரியவாப்பா ஆளுக்கொரு சிப்பி கொடுத்து எண்ணியதைப் பார்த்துத்தான் வாப்பா இதைச் செய்தார் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்.

பலகையோடு வாப்பா நிற்கிற படம் அலுமாரியில் இருக்கிறது. கம்பனி அதைக் கேட்கிறது. உம்மாவின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். படிவம் இதோடு வருகிறது.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
இனாஸ்

கற்பிட்டி
26.02.2024

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் தொழுகைக்கு மடியாது, அடுத்த வீட்டுக் கதைக்கு நடக்கும். நான் சுபஹுக்கு எழும்பினால் டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரருக்கு இடியப்பம் அவித்து முடிக்கப் பத்து மணியாகும்.

நம்பரைத் தடுத்தது கோபத்தில் இல்லை. உனக்குப் பிடிக்காத கதை வந்த உடனே "ராத்தா, கேக்குதில்ல, சிக்னல் இல்ல" என்கிறாய். நல்ல கதைக்கு மட்டும் நடுக்கடலிலும் சிக்னல் துலக்கமாக இருக்கிறது. கடதாசியில் அந்த விளையாட்டு நடக்காது.

படம் பத்திரமாக இருக்கிறது. தருவதா என்று பிறகு பார்ப்போம். முதலில் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பலகையைச் செய்தவர் கற்பிட்டி ஹயாத்து முகம்மது என்று புத்தகத்தில் போடுவார்களா? இன்னொன்று. அந்தப் புத்தகத்தின் பெயரை உம்மாவின் காதில் போட்டுவிடாதே. ஏன் என்று நீயாகக் கேட்டால் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ராத்தா

நடுக்கடல்
19.03.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். எட்டாவது நோன்பு. லோண்டரிச் சூட்டில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஆனாலும் ஒரு நோன்பும் விடவில்லை. உம்மா மருந்துக்காக நோன்பை விட்டாரா, பிடிவாதமாகப் பிடிக்கிறாரா?

வரலாற்றுப் பகுதி மேடம் பெயர் போடுவோம் என்றார். வாயால்தான் சொன்னார், ஆனால் நல்ல மனுசி. அந்தப் படிவத்தில் உம்மாவின் கையெழுத்தை வாங்கிக் கெதியாக அனுப்புங்கள். உதவி மனேஜர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. கிடைத்தால் யன்னல் வைத்த அறை தருவார்கள். பதினாலு வருடமாகத் தண்ணீருக்குக் கீழே யன்னலில்லாத பெட்டிக்குள் படுக்கிறேன் ராத்தா. பகலா இரவா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

பெருநாளைக்குத் துணி அனுப்பியிருக்கிறேன்.
இனாஸ்

கற்பிட்டி
15.04.2024

அன்புத் தம்பிக்கு,

பெருநாள் ஸலாம். உம்மா முப்பது நோன்பும் பிடித்தார், டொக்டரிடம் ஏச்சும் வாங்கினார். நீ அனுப்பிய துணி நீளம், இல்மா வெட்டித் தைத்துக் கொடுத்தாள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

1979. நீ பிறக்கவில்லை. ஆபிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாப்பாவுக்கு வயிற்றுவலி. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குடல்வால் வெட்டினார்கள். பின்னேரம் பயணிகளின் வில்லைகள் எல்லாம் ஆணியில் தொங்கின. பலகை நிறைந்துவிட்டது. படியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்காரருக்கு அந்தப் பலகையில் ஆணி இல்லை, தம்பி. அதைச் செய்த வாப்பாவுக்கே இல்லை.

அவருடைய பெட்டியும் பாஸ்போட்டும் கப்பலோடு போயின. கம்பனி அவரைத் தேடவில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் ஊருக்கு அனுப்பியது. ஒரு வரி கடிதம் இல்லை.

டிசம்பரில் பெட்டி வாசலில் வந்து இறங்கியது. திறந்தால் சாரன், தொப்பி, தஸ்பீஹ், பாஸ்போட். பாஸ்போட்டைக் கண்டதும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆள் மௌத்து, பெட்டியை அனுப்பிவிட்டார்கள் என்று. பள்ளியில் ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். உம்மா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார். முப்பத்தொரு வயதில், புருஷனை இழந்தவளாக, நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண் முகம் பார்க்காமல் அறைத் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஊருக்குச் சோறும் கொடுத்தோம்.

இத்தாவின் நூற்றிரண்டாம் நாள் பின்னேரம், சரக்குக் கப்பல்களில் கெஞ்சி ஏறி ஊர் சேர்ந்த வாப்பா நடந்து வந்தார். கதவைத் திறந்தது நான். எனக்கு ஏழு வயது. எலும்பும் தோலும் தாடியுமாக நின்றார். நான் போட்ட கூச்சலில் வாப்பாவின் மாமி ஓடி வந்தார். உம்மாவுக்குக் காவலாக இருந்தவர் அவர்தான். ஆளைத் தெரிந்துகொண்டார், கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் உள்ளே விடவில்லை.

"மனெ, அவ இத்தாவில ஈக்கிறா. ஆம்புள உள்ளுக்குப் போக ஏலா."

"நான்தானே மாமி அவட மாப்புள?"

"அதுதான் எனக்கும் வெளங்குதில்ல. நீங்க உசிரோட வந்தா இத்தா முடியுமா, இல்லாட்டி நாளு முடியோணுமா? லெப்பையக் கேட்டுட்டு வாரம், ஈங்க."

பள்ளி லெப்பை புத்தளத்துக்குப் போயிருந்தார். வாப்பாவை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். பாணும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். தன் மௌத்து முடிந்துவிட்டதா என்று தெரியாமல் மனுசன் தன் வீட்டு வாசலில் காத்திருந்தார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், வாப்பாவும் சிரித்தார். "எண்ட கத்தத்துச் சோறு மிச்சமில்லயா?" என்று கேட்டார். உள்ளே உம்மா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பாயைப் பிடித்தபடி இருந்தார். ஒரு மணித்தியாலம் பொறுத்தார். பிறகு திரையை ஒதுக்கிக்கொண்டு, வெள்ளைச் சேலையோடு, ஊர் பார்க்க வெளியே வந்தார். மாமி தடுத்தார். "லெப்ப வந்தா நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாப்பா போட்ட கடிதம் அவர் வந்து பதினாறு நாளுக்குப் பிறகுதான் வந்தது. கம்பனி திரும்ப வேலை தரவில்லை. உப்பளத்தில் வேலை செய்துதான் உன்னையும் என்னையும் வளர்த்தார். ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார்: "எனக்கும் ஒரு ஆணி அடிக்கோணும்னு அப்ப நெனப்பு வரல்ல மகள்."

நீ அதே கம்பனியில் சேர்ந்தபோது வாப்பா மௌத்தாகி ஒரு வருடம். வீட்டுக்கு ஓடு இல்லை. உன் சம்பளம் வந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை. ஆனால் அந்தப் புத்தகத்தின் பெயரை வாசித்த பிறகு இனி மூட மாட்டேன். "ஒருவரை விட்டுப்போனோம், அவர் பெயர் ஹயாத்து முகம்மது" என்று அச்சடிக்கட்டும். அன்றைக்குப் படமும் வரும், உம்மாவின் கையெழுத்தும் வரும். அதுவரை ஒன்றும் வராது. திகதி போட்ட ஆஸ்பத்திரிக் கடதாசி என்னிடம் இருக்கிறது.

வருத்தம் வேண்டாம். யோசி.
ராத்தா

நடுக்கடல்
30.06.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னியுங்கள். கோடைப் பயணங்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் துவாய். அங்கே கச்சான் காற்று அடிக்கிறதா? பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் இந்த முறை நிறைய வந்தார்களா? இல்மாவின் பரீட்சை என்ன ஆயிற்று?

எனக்கு யன்னல் அறை கிடைக்கும் போல இருக்கிறது. படத்தைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உம்மாவுக்கு என் ஸலாம்.
இனாஸ்

கற்பிட்டி
18.07.2024

தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். காற்று அடிக்கிறது, வெள்ளைக்காரர் வருகிறார்கள், இல்மா பாஸ். உன் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். இனி என் கேள்விக்கு நீ எழுது.

கவலைப்பட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? படம் அலுமாரியில்தான் இருக்கிறது, இப்போதும் பார்த்தேன். போன லீவில் நீ அதைப் போனில் படம் பிடித்ததாக இல்மா சொல்கிறாள். அப்படியென்றால் கையெழுத்து எங்கிருந்து வந்தது?

எழுபத்தாறு நாள் நீ பதில் போடவில்லை. அதற்குள் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? கம்பனித் தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல இல்மா இங்கிலீஷில் எழுதினாள். ஆஸ்பத்திரிக் கடதாசியின் பிரதியும் வைத்திருக்கிறேன். உன்னைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. வாப்பாவுக்காக எழுதினேன். உனக்கு இதில் அடி விழுந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு, அதைத் தெரிந்துதான் தபாலில் போட்டேன்.

ராத்தா

மார்சேய்த் துறைமுகம்
17.08.2024

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க மனமில்லை, ஆனாலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஓம், உம்மாவின் பெயரில் நான்தான் கையெழுத்து வைத்தேன். உங்கள் பெருநாள் கடிதம் வந்த மறுநாள் வைத்தேன். அதை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்து கையெழுத்து வைத்தேன். இரண்டையும் செய்தது நான்தான். விழாவுக்குக் கம்பனி எடுத்த வீடியோவிலும் கதைத்திருக்கிறேன். "என் தந்தை டோரன் லைனுக்குக் கடைசி வரை நன்றியோடு இருந்தார்" என்று எழுதித் தந்தார்கள், வாசித்தேன்.

கம்பனிக்கு உங்கள் கடிதம் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் விசாரித்தார்கள். பதவி உயர்வை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய கதை ராத்தா! வாப்பாவே சிரித்துவிட்டுப் போன கதை. பதினாலு வருடமாக என் சம்பளத்தை வாங்கும்போது இந்த வீராப்பு எங்கே போயிருந்தது? நான் யன்னலைக் கிட்டப் பார்க்கிற நேரம்தானா உங்களுக்கு வாய் திறந்தது?

ஒரு வழி சொல்கிறார்கள். நீங்கள் கடிதத்தை மீளப் பெற்றால் உம்மாவுக்கும் உங்களுக்கும் பத்து நாள் இலவசக் கப்பல் பயணம் தருவார்கள், விமான டிக்கட்டோடு. உம்மாவிடம் கேளுங்கள். வாப்பா வேலை செய்த கம்பனிக் கப்பலில் அவர் ஒரு தரமாவது ஏற வேண்டாமா?

இனாஸ்

கற்பிட்டி
06.09.2024

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீ ஏசியது சரி. சம்பளத்தை வாங்கினேன், வாயை மூடினேன். அதற்காக இப்போதும் மூட வேண்டும் என்று சட்டமா?

உம்மாவிடம் கேட்கச் சொன்னாய். கேட்டேன். புத்தகத்தின் பெயரிலிருந்து இலவசப் பயணம் வரை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நீ வைத்த கையெழுத்தையும் மறைக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பத்து நாளா?" என்றார். "நான் நூத்தி ரெண்டு நாள் ஈந்தன். பத்தக் கழிச்சா மிச்சம் தொண்ணூத்தி ரெண்ட ஆரு தாரது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவங்கட கப்பல் எனக்கு வாணாம். அந்தப் புத்தகத்தில எண்ட பேரையும் போடச் சொல்லு. றஹ்மத் உம்மா, உசிரோட ஈந்த மாப்புளைக்கு இத்தா ஈந்தவன்னு. வாப்பா சிரிச்சாரு. ஓம், சிரிச்சாரு. சிரிக்காம அந்த முத்தத்தில அந்த மனுசன் வேற என்ன செய்ய? நான் சிரிக்கல்ல. இண்டைக்கும் சிரிக்கல்ல."

உன் கையெழுத்துக் கதையை நான் திரும்ப எடுத்ததும் எழும்பிப் போய் மீனைக் கழுவினார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிதத்தை நான் மீளப் பெற மாட்டேன்.
ராத்தா

கற்பிட்டி
14.10.2024

தம்பிக்கு,

ஸலாம். பதில் இல்லை. ஏஜென்டின் கந்தோருக்கு இல்மா இரண்டு தரம் போய் வந்தாள். சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. உம்மா தினமும் கேட்கிறார், கேட்காத மாதிரிக் கேட்கிறார்.

ராத்தா

நடுக்கடல்
10.11.2024

அன்பு ராத்தாவுக்கும் உம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். உண்மையாகவே சுகமாக இருக்கிறேன்.

ஒக்டோபரில் புத்தகம் வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் வாப்பாவின் படம், பக்கம் முழுக்க. கீழே இப்படிப் போட்டிருக்கிறது: "கப்டன் டோரன் உருவாக்கிய புகழ்பெற்ற வில்லைப் பலகையுடன் ஓர் ஊழியர்." ஓர் ஊழியர்! நான் கையெழுத்தும் வைத்து, பொய்யும் சொல்லி, வாங்கிக் கொடுத்தது இதைத்தான். உங்களுக்கு எழுத முகமில்லாமல் இருந்தேன்.

நேற்று ஐம்பதாவது விழா. காலையில் மேல் தளம் நிறையச் சனம். பெரிய திரையில் வாப்பா. நிறுத்திய பதவியைப் பெற இதுதான் சந்தர்ப்பம் என்று என் கையில் ஒரு தாளைத் தந்து இரண்டு நிமிடம் வாசிக்கச் சொன்னார்கள். தாளை மடித்துப் பொக்கெட்டுக்குள் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "இவர் பெயர் ஹயாத்து முகம்மது. ஊர் கற்பிட்டி. இந்தப் பலகையைச் செய்தவர் இவர். இந்தக் கம்பனி ஒருவரையும் விட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவரை விட்டுப்போனீர்கள். என் தாய் றஹ்மத் உம்மா உயிரோடு இருந்த கணவனுக்காக நூற்றிரண்டு நாள் விதவையாக இருந்தார்."

முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்ததைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பிறகு முன்வரிசையில் ஒரு முதியவள் சத்தமாகக் கேட்டாள், "அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா?" என்று. "இல்லை மேடம்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது. பின்னால் நின்ற என் லோண்டரிப் பொடியன்கள்தான் முதலில் கை தட்டினார்கள். றொபி விசிலும் அடித்தான், அவனுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும்.

பின்னேரம் மனேஜர் கூப்பிட்டார். நல்ல விதமாகத்தான் கதைத்தார். "குடும்பத்தில் சொல்லப்படும், உறுதிசெய்யப்படாத கதை" என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் எல்லாம் மறக்கப்படுமாம், பதவியும் கிடைக்குமாம். யன்னல் அறையின் சாவி மேசையில் இருந்தது. கண்ணால் பார்த்தேன் ராத்தா, பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. "ஒரு பொய்க் கையெழுத்து ஏற்கனவே வைத்திருக்கிறேன் சேர், இரண்டாவது வைக்க ஏலாது" என்று சொல்லி, ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

28ஆம் திகதி கொழும்பில் இறங்குவேன். உம்மா என்னை வீட்டுக்குள் எடுப்பாரா என்று கேட்டு வையுங்கள். எடுக்காவிட்டாலும் வருவேன்.

இனாஸ்

கற்பிட்டி
19.11.2024

என் அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம் வரஹ்மதுல்லாஹ். நாங்கள் எல்லாரும் சுகம். நீ புறப்படுவதற்கு முன்னால் இது கிடைக்க வேண்டும் என்று இல்மாவை இன்றைக்கே கொழும்புக்கு அனுப்புகிறேன்.

கம்பனியிலிருந்தும் கடிதம் வந்தது. அடுத்த பதிப்பில் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துவிடுவார்களாம். பெயரைப் போட மாட்டார்கள், பக்கத்தைத்தான் எடுப்பார்கள். நான் விடப் போவதில்லை, அடுத்த கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். நீ வந்து நல்ல இங்கிலீஷில் திருத்தித் தா.

உன் கடிதத்தை உம்மாவுக்கு மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கேட்டுவிட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம், "எண்ட பேரச் சொன்னானா? அவ்வளவு சனத்துக்கு முன்னுக்கா?" என்று கேட்டார். சொன்னான் உம்மா என்றேன். மூன்றாம் தரம் நீ ராஜினாமா எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். நாற்பத்தொரு வயதில் வேலையில்லாமல் வருகிறாய், அழப் போகிறார் என்று நினைத்தேன்.

உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "அண்டைக்குக் கப்பல் அவர விட்டுட்டுப் போன. இண்டைக்கு எண்ட மகன் கப்பல விட்டுட்டு வாரான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துட்டு ஈக்கிற? அவன்ட அறையக் கூட்டு, யன்னலத் தொற" என்றார்.

உன் ராத்தா,
ஷஃபீனா